கடைசி மஞ்சள் பொத்தான்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் நாலாக மடிந்து உட்கார்ந்துகொண்டு, அதுவாக என் வீட்டுக்கு வந்தது.

டப்பா என்னுடையதுதான். ரெடிமேட் சட்டை தைக்கிற கூடத்தில் முப்பத்தோரு வருஷம் பொத்தான் தைத்தவள் நான். வேலையை விட்டு வந்த அன்றைக்கு மேஸ்திரி, மிஞ்சிக் கிடந்த பொத்தான்களை எல்லாம் அந்த டப்பாவில் கொட்டிக் கையில் கொடுத்தார். மாலையா போட முடியும்? கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

எங்கள் மாடி அறையில் ஓர் இளைஞர் குடியிருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெரியவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவர். ஒருநாள் படியிறங்கி வந்து வாசலில் நின்றார்.

“பெரியம்மா, உங்ககிட்ட பொத்தான் இருக்குமா? கொஞ்சம் நிறையவே வேணும்.”

“எந்தச் சட்டைக்குப்பா?”

“சட்டைக்கு இல்ல. பறவைங்க திங்க.”

பையனுக்கு வேலைச்சுமை அதிகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்ததும் விளக்கினார். இலை இலையாக அச்சிட்ட கருநிறத் திரைத் துணி ஒன்றை மேசைமேல் விரிப்பாராம். அதன்மேல் நாலு நிறப் பொத்தான்களைத் தூவுவாராம். பொத்தான்கள்தான் பூச்சிகள். மாணவர்கள்தான் பறவைகள்.

“பறவை, கண்ணுல பட்டதைத் திங்கும். படாதது பிழைக்கும். பிழைச்சது பெருகும். அவ்வளவுதான் பெரியம்மா பாடம். இயற்கைத் தேர்வுன்னு பேரு.”

“அவ்வளவுதானா? இதுக்கா இத்தாம்பெரிய புத்தகம்?”

“அவ்வளவுதான்னு கண்டுபிடிக்கத்தான் இத்தனை காலம் ஆச்சு” என்று சிரித்தார்.

பழுப்பு, பச்சை, வெள்ளை, மஞ்சள். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து எண்ணி, அதே டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். மஞ்சள் பொத்தான்கள் ஒரு குழந்தைக் கவுன் ஆர்டரில் மிஞ்சியவை. பார்த்தாலே கண் கூசும் மஞ்சள். “இதை எந்தப் பறவைப்பா விட்டுவைக்கும்?” என்றேன். “அதுக்குத்தான் பெரியம்மா அது” என்று வாங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்து வேறு ஊரில் வேலை கிடைத்து அறையைக் காலி செய்தார். நான் வெளியே போயிருந்தேன். டப்பாவை என் தம்பியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே பொத்தான்களோடு ஒரு தாள். அதில் பென்சிலால் இப்படி எழுதியிருந்தது:

தொடக்கம்: பழுப்பு 10, பச்சை 10, வெள்ளை 10, மஞ்சள் 10
சுற்று 1 மிச்சம்: 4, 3, 2, 1
சுற்று 2 மிச்சம்: 5, 2, 2, 1
சுற்று 3 மிச்சம்: 5, 2, 2, 1

அதற்குக் கீழே ஒரு வரி: “கடைசி ஒன்றை யாரும் எடுக்கவில்லை.” அதற்கும் கீழே, அவசரமாக, பேனாவில் இன்னும் இரண்டு சுற்றுகள். அவற்றை இப்போது காட்ட மாட்டேன். தாளின் வலது மேல்மூலை கிழிந்திருந்தது. மதிப்பெண் போடுகிற மூலை அது.

“அவர்கிட்ட ஒண்ணும் கேக்கலையாடா?”

“கேட்டேனே அக்கா. சாப்பிட்டீங்களான்னு கேட்டேன்.”

“நம்பராவது வாங்கினியா?”

“எதுக்கு?”

இந்த ‘எதுக்கு’வுக்குப் பதிலாகத்தான் கதை எழுதுகிறேன். அந்தத் தாளை எழுதியவர் யார், மூலையில் என்ன போட்டிருந்தது, ஒன்றும் எனக்குத் தெரியாது. இனி வருவதெல்லாம் என் கற்பனை.*

* தட்டச்சு செய்யும் தம்பியின் குறிப்பு: அக்கா கையெழுத்தில் எழுதுவதை நான்தான் தட்டச்சு செய்கிறேன். அடித்த வரிகளையும் விடாமல் அடிக்கச் சொல்லி உத்தரவு. பிழைகளுக்கு நான் பொறுப்பல்ல.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

ஆஸ்பத்திரியின் தரைத்தளத்துக்கும் கீழே, வெளிச்சமே படியிறங்க யோசிக்கும் ஓர் அறையில்—

[வெளிச்சம் யோசிக்காது. யோசிக்க வேண்டியவள் நான். போகட்டும்.]

மூன்று பேர் ஒரு துணியைச் சுற்றி முதுகைக் காட்டி நின்றார்கள். மூவரும் பறவைகள். ஒரு பறவைக்கு முழங்கால் வலி—

[எனக்குப் பிடித்த தொடக்கம் இது. ஆனால் சனிக்கிழமை படிக்கட்டில் உட்கார்ந்து என் கதை கேட்பவர்களிடம் வாசித்துப் பார்த்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையோ என்ற பார்வை.]

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. நாற்பத்தைந்து முடிந்தால் எடுக்க மாட்டார்கள்.

இந்த வரிக்குப் படிக்கட்டில் யாரும் அசையவில்லை. “எங்க எடுக்க மாட்டாங்க?” என்று ஒரு குரல் வந்தது. அந்தத் தொடக்கம் பிழைத்துக்கொண்டது.

3

அவள் யார் என்பதில் கொஞ்சம் தடுமாறினேன். முதலில் தையற்காரி ஆக்கினேன். என் தொழில், எழுதச் சுலபம். ஆனால் தையற்காரி பொத்தானைப் பார்த்தால் பூச்சியாகப் பார்க்க மாட்டாள், ஜோடி சேர்க்கத்தான் பார்ப்பாள். பிறகு தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் அச்சிட்ட பட்டியல்: விரிப்பு, தலையணை உறை, போர்வை, நோயாளி அங்கி. ஒவ்வொன்றின் எதிரிலும் கட்டம்.

“ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்” என்றேன்.

“லாட்ஜா கூட இருக்கலாம்” என்றான் தம்பி.

“லாட்ஜ்ல ஏதுடா நோயாளி அங்கி?”

“சில லாட்ஜைப் பாத்தா நோயாளி ஆயிடுவாங்க அக்கா.”

சலவைக்கூடம்தான். அவளை ‘நீராவி அக்கா’ என்று கூப்பிடுவார்கள். கொதிநீர்த் தொட்டிக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் நடுவில் பதினெட்டு வருஷம். வெளுப்புத் தூள் பட்டுப் பட்டு விரல் நுனிகளில் ரேகையே தேய்ந்துவிட்டது. வருகைப்பதிவு இயந்திரம் அவள் விரலை அடையாளம் காணாது. தினமும் காலையில் அதனோடு ஒரு சண்டை. “நான்தான்டா, நேத்தும் நான்தான்” என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போவாள்.

அவளுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மாடிக்குப் போக வேண்டும். வார்டில் உதவியாளர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பள்ளி இறுதித் தேர்ச்சி வேண்டும், வயது நாற்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். அறிவியலில் இரண்டு முறை போய்விட்டது. எழுத்துப் பரிட்சையில் இந்த முறை தேறிவிட்டாள், செய்முறைப் பரிட்சை மட்டும்தான் பாக்கி. அதுவும் போனால் அடுத்த பரிட்சைக்குள் வயது தாண்டிவிடும். அதன்பிறகு நீராவிதான், ஓய்வு பெறும் வரை.

ஏன் வார்டு? அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை நான் முதலில் எழுதவில்லை. மூன்றாவது முறை எழுதும்போது அவளே சொன்னாள்.

வார்டு அலமாரிகளில் விரிப்புகளை அடுக்கிவிட்டு, எத்தனை இருக்கிறது என்று பட்டியலில் எழுதுவது அவள் வேலை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் அவசரத்தில் எண்ணாமல் ‘1’ என்று எழுதிவிட்டாள். ஒன்றாவது இருக்க வேண்டும் என்பது விதி, ஆகவே ஒன்று. அலமாரியில் ஒன்றும் இல்லை. மதியம் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். பட்டியலை நம்பிய நர்ஸ், கீழே சொல்லி அனுப்பவில்லை. விரிப்பு வந்து சேரும் வரை இரண்டு மணி நேரம் அவர் வெறும் ரப்பர் ஷீட்டில் முதுகு ஒட்டிக் கிடந்தார். அவள்தான் விரிப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். விரிக்கும்போது அவர், “பரவால்லம்மா, குளுமையா இருந்துச்சு” என்றார்.

திட்டியிருந்தால் மறந்திருப்பாள்.

அன்றிலிருந்து இரண்டு பழக்கங்கள். அலமாரியில் கடைசி விரிப்பை எடுக்க மாட்டாள். இல்லாததை இருக்கிறது என்று எழுத மாட்டாள்.

[இருப்பதை இல்லை என்று எழுதுவாளா? அதைத்தான் இந்தக் கதை கேட்கப்போகிறது. அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.]

4

வகுப்பு நடந்தது ஓர் ஆரம்பப் பள்ளியில். ஏழு வயதுக் குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகள். பெரியவர்கள் உட்கார்ந்தால் முழங்கால் மோவாயை இடிக்கும். சுவரில் எழுத்து அட்டைகள், கரும்பலகையில் வெள்ளிக்கிழமை போட்டு அழிக்காத கூட்டல் கணக்கு. அதைப் பார்க்கும் ஒவ்வொரு பெரியவரும் மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்.

நீராவி அக்காவின் அணியில் இன்னும் இருவர். ஒருவர் பஸ் நடத்துநர். ஐம்பதைத் தொட்டவர். உட்கார்ந்திருக்கும்போதும் எதையாவது பிடித்துக்கொண்டேதான் இருப்பார். இன்னொருவர் முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் தம்பி. பேசும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்க்காமல் நெற்றிக்கு மேலேயே பார்ப்பார்.

விதி சுலபம். துணிமேல் நாற்பது பொத்தான்கள். மூவரும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். கைதட்டினதும் திரும்பி, கண்ணில் பட்ட முதல் பொத்தானை எடுத்துவிட்டு மறுபடி திரும்பிக்கொள்ள வேண்டும். பத்துத் தட்டு. ஆளுக்குப் பத்து, ஆக முப்பது போய்விடும். மிஞ்சிய பத்தும் ஒவ்வொன்றுக்கு மூன்று குட்டி போடும், அதே நிறத்தில். மறுபடி நாற்பது. அடுத்த தலைமுறை.

முதல்முறை சொல்லிக்கொடுத்தபோது சாரும் (கதையிலும் எங்கள் மாடி அறை இளைஞர்தான்) ஒரு பறவையாகச் சேர்ந்துகொண்டார். இரண்டாம் சுற்றில் கடைசி மஞ்சளைப் பாய்ந்து எடுத்து, வாயில் போடுவதுபோல் பாசாங்கு செய்தார்.

“மஞ்சள் முடிஞ்சுது! பரிட்சையிலயும் இப்படித்தான் வரும். மஞ்சள் சைபர். இலைத் துணியில மஞ்சள் தப்பிக்கவே முடியாது. எழுதிக்கோங்க.”

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். மஞ்சள் சைபர்.

5

பரிட்சை நாள்.

வெளியிலிருந்து வந்த பரிட்சை அதிகாரி கச்சிதமான மனிதர். சட்டைப்பையில் மூன்று பேனாக்கள், மூன்றும் ஒரே உயரம். ஒவ்வொருவரின் தாளையும் பார்த்து, மூலையில் மதிப்பெண் போட்டு, அந்த மூலையைக் கிழித்துத் தன் உறையில் போட்டுக்கொள்வார். எழுதியவர் பார்க்கக் கூடாது என்று அப்படி ஓர் ஏற்பாடு. சார் வாய் திறக்கக் கூடாது, கை மட்டும் தட்டலாம். கதவருகே நின்று, சொல்ல முடியாததை எல்லாம் கைதட்டலில் சொல்லிவிடப் பார்த்தார்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது. மஞ்சள்கள் சடசடவென்று மறைந்தன. எட்டாவது தட்டில் ஒரே ஒரு மஞ்சள், துணியின் நட்டநடுவே.

மூன்று கைகளும் அதை நோக்கி நீண்டன. மூன்றும் நின்றன.

“நீங்க எடுங்கம்மா” என்றார் நடத்துநர்.

“ஐயோ, நீங்க எடுங்கண்ணே.”

“நான் ஏற்கெனவே நாலு மஞ்சள் எடுத்துட்டேன். தம்பி எடுக்கட்டும்.”

“எனக்கு வேண்டாம்ணே, எனக்குப் பச்சையே போதும்” என்று முடிதிருத்தும் தம்பி ஒரு பச்சையை எடுத்துக்கொண்டார், விருந்துக்கு வந்தவர் கை காட்டித் தட்டை மறைப்பதுபோல.

[இங்கே நான் எழுதுவதை நிறுத்தி, என் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொண்டேன். எத்தனை நாள், தட்டில் மிஞ்சிய கடைசித் துண்டு யாரும் தொடாமல் காய்ந்து கிடந்திருக்கிறது! என் அம்மா, நான், என் தம்பி. கடைசி ஒன்றை எடுப்பவரை உலகம் ஒருமாதிரி பார்க்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் எங்களுக்குத் தெரியும்.]*

* தம்பியின் குறிப்பு: அக்கா பாதி ராத்திரி எழுந்து அதைச் சாப்பிட்டதுண்டு. இருப்பதை இல்லை என்று எழுதக் கூடாதல்லவா.

ஒன்று மிஞ்சியது. மூன்று குட்டி போட்டது. நாலு மஞ்சள். இரண்டாம் சுற்றில் மூன்று போயின, கடைசி ஒன்றின்முன் மறுபடி மூன்று கைகள், மறுபடி “நீங்க எடுங்க”. மூன்றாம் சுற்றிலும் அதே கதை, மிஞ்சிய ஒன்று மறுபடி குட்டி போட்டு நாலாயிற்று. பறவைகள் இப்படி உபசாரம் பார்த்துக்கொண்டிருந்தால் பட்டினியால் செத்துப்போயிருக்கும்.

எழுதும் நேரம் வந்தது. தாள் அவரவர் கொண்டுவந்தது, நீராவி அக்காவுடையது சலவைப் பட்டியலின் பின்பக்கம். நடத்துநர் தன் தாளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

“தம்பி, சைபர்னுதானே சார் சொன்னாரு?”

“ஆமாண்ணே. சைபர்தான் போடணும்.”

“அப்ப இந்த நாலு?”

“எடுத்துடலாம்.”

“எடு.”

“நீங்க எடுங்கண்ணே.”

யாரும் எடுக்கவில்லை. இருவரும் ‘0’ என்று எழுதினார்கள். நீராவி அக்காவின் பென்சில் மஞ்சள் கட்டத்தின்மேல் நின்றது.

அவளுக்குப் பாடம் தெரியும். என்ன எழுதினால் மதிப்பெண் வரும் என்பதும் தெரியும். சைபர் போட ஒரு நொடி போதும். ஒரு சுழி, அவ்வளவுதான், மாடிக்குப் போகும் வழி திறந்துவிடும். மாடி வார்டின் ஜன்னல் அவள் கண்முன் வந்தது. கூடவே ஒரு ரப்பர் ஷீட்டும் வந்தது.

‘1’ என்று எழுதினாள். மூன்று சுற்றுக்கும். எழுதியது போதாதென்று கீழே ஒரு வரியும் எழுதினாள்.

முடிதிருத்தும் தம்பி எட்டிப் பார்த்தார். “அக்கா! என்னக்கா பண்றீங்க? நாங்க சைபர் போட்டுட்டோமே!”

“இருக்கேப்பா.”

“இருந்தா? மூணு பேரும் ஒரே துணி அக்கா! உங்க தாளைப் பாத்தா நாங்க பொய்யின்னு ஆயிடாதா?”

அதை அவள் யோசிக்கவில்லை. அழிப்பான் எதிரில்தான் கிடந்தது. அதை எடுத்தாள். எடுத்து, மூலை உடைந்த அந்த ரப்பரைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். தன்னுடையது போனால் தன்னோடு போகும். இவர்கள் இருவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவதா?

அதற்குள் மூன்று பேனாக்கள் அவர்கள் மேசைக்கு வந்துவிட்டன. முடிதிருத்தும் தம்பி சட்டென்று துணியின் நடுவே உள்ளங்கையை ஊன்றினார். நாலு மஞ்சளும் உள்ளே. ஒரு பக்கமாகச் சாய்ந்து, மேசையோடு பேசிக்கொண்டிருப்பவர்போல நின்றார்.

அதிகாரி மூன்று தாள்களையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“ஒரே துணி. ரெண்டு பேர் மஞ்சள் சைபர்ங்கிறாங்க. ஒருத்தர் ஒண்ணுங்கிறாங்க. எது சரி?”

மற்ற இருவரின் கண்ணும் முடிதிருத்தும் தம்பியின் கைக்குப் போயிற்று.

“நீங்க, கையை எடுங்க.”

“சார், கை… மரத்துப் போச்சு சார்.”

“எடுங்க.”

கை எழுந்தது. நாலு மஞ்சள் பொத்தான்கள், கண் கூசும் மஞ்சள். ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு கூடவே மேலே போய்த் ‘டொக்’கென்று விழுந்தது.

6

இங்கே கதை மூன்று நாள் நின்றுவிட்டது. தம்பி ஒரு ஆட்சேபணை சொன்னான்.

“அக்கா, இதுல உன் ஆளு செஞ்சது தப்பு. பறவைக்கு ஏது மரியாதை? சோதனையே கெட்டுப்போச்சு. அவளைப் பாஸ் போட்டா அது அறிவியலுக்குச் செய்யற துரோகம்.”

கோபம் வந்தது. பிறகு யோசித்தேன். சரியாகத்தான் சொல்கிறான். அவள் எழுதியது இயற்கைத் தேர்வு இல்லை. மூன்று மனிதர்களின் கூச்சம். அவளை நான் நல்லவள் ஆக்கிவிட்டேன். ஆனால் நல்லவளாக இருப்பதற்கு அறிவியலில் மதிப்பெண் கிடையாதே?

அவளையே கேட்டேன். இப்படித்தான் செய்வேன், என் கண்ணுகளா. எனக்குத் தெரியாததைப் பாத்திரத்திடம் விட்டுவிடுவேன். சில சமயம் அவர்களும் கையை விரிப்பார்கள். இவள் விரிக்கவில்லை.

7

“சார், ஒண்ணு இருக்கறது நிஜம்” என்றாள். “ஆனா பறவையா இருந்தா இருந்திருக்காது. அது எங்க தப்பு. கடைசி ஒண்ணை எடுக்கக் கூச்சப்பட்டுட்டோம். அதான் கீழ எழுதியிருக்கேன். இவங்க ரெண்டு பேரும் பொய் எழுதல சார். பாடத்துல இருக்கறதை எழுதினாங்க. நான் துணியில இருக்கறதை எழுதினேன்.”

அதிகாரி நடத்துநரைப் பார்த்தார். நடத்துநர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார், பஸ் திருப்பத்தில் போகும்போது பிடிப்பதுபோல.

“அந்த அம்மா சொல்றதுதான் சரி சார். இருந்துச்சு. மூணு தடவையும் நான்தான் எடுக்கல. என் சைபரை அடிச்சிடுங்க.”

“நானும் எடுக்கல சார்” என்றார் முடிதிருத்தும் தம்பி. “கைய வேற வச்சு மறைச்சேன். அதுக்கும் சேத்துக் கழிச்சுக்கோங்க.”

கதவருகே சார் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தத் தட்டும் வரவில்லை.

அதிகாரி அவள் தாளைக் கையில் எடுத்தார். “பறவைங்க எப்பவும் கடைசி ஒண்ணைத் தின்னுடும்னு சொல்ல முடியாது” என்றார் மெதுவாக, யாருக்கோ சொல்வதுபோல். “நிறைய இருக்கறதைத் தேடிப் பழகின கண்ணு, அபூர்வமா இருக்கறதைச் சில சமயம் விட்டுடும். ஆனா நீங்க செஞ்சது அது இல்ல.”

“இல்ல சார்.”

“அப்ப இந்த ஒண்ணால என்ன தெரிஞ்சுது உங்களுக்கு?”

அவள் துணியைப் பார்த்தாள். பதினெட்டு வருஷம் துணி பார்த்த கண். எந்தத் துணியையும் முதலில் திருப்பிப் பார்க்கும் கை. இத்தனை நாள் அந்தத் துணியைச் சுற்றி நின்றவர்களில் யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது.

“சார், துணியைத் திருப்பிப் போட்டுக்கட்டுமா?”

“எதுக்கு?”

“அந்தப் பக்கம் வேற நிறம் சார்.”

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். அதைக் கழற்றி மேசையில் வைத்தார்.

பொத்தான்களை வழித்து எடுத்து, துணியை உதறி மறுபக்கமாக விரித்தார்கள். இலைகள் காணாமல் போயின. வைக்கோல் நிறம், வெயிலில் வெளுத்த புல்வெளிபோல. பழுப்பு இருபது, பச்சை எட்டு, வெள்ளை எட்டு, மஞ்சள் நாலு. தூவினார்கள். மூவரும் முதுகைக் காட்டி நின்றார்கள்.

கைதட்டல் வந்தது. சார் தட்டவில்லை. அதிகாரிதான் தட்டினார், சின்னக் குழந்தை ஒன்றை விளையாடக் கூப்பிடுபவர்போல், கொஞ்சம் வெட்கத்தோடு.

இதுவரை ஒளிந்துகொண்டிருந்த பழுப்புகள் இப்போது மை தெறித்ததுபோல் துணியெங்கும் பளிச்சென்று கிடந்தன. பத்துத் தட்டில் பதினேழு பழுப்பு போயிற்று. மஞ்சளில் போனது ஒன்றே ஒன்று. அதையும் நடத்துநர் தடவித்தான் கண்டுபிடித்தார்.

தாளில் அவசரமாக, அதிகாரியின் பேனாவை வாங்கி அவள் எழுதிய வரிகள் இவைதான்:

துணி திருப்பியது
சுற்று 4 மிச்சம்: பழுப்பு 3, பச்சை 2, வெள்ளை 2, மஞ்சள் 3
சுற்று 5 மிச்சம்: 1, 1, 2, 6

ஆறும் மூன்று மூன்று குட்டி போட்டன. இருபத்து நாலு மஞ்சள் பொத்தான்கள் துணியில் கிடந்தன. கண்ணை இடுக்கிக்கொண்டு தேட வேண்டியிருந்தது.

“அந்த ஒண்ணு அப்பவே போயிருந்தா, இப்ப திருப்பினாலும் மஞ்சளே இருந்திருக்காது சார்” என்றாள் அவள். “இலை இருந்தப்ப உதவாதது, இலை போனப்ப உதவுது. துணி எப்பத் திரும்பும்னு பூச்சிக்குத் தெரியாது. அதனால எல்லா நிறத்துலயும் கொஞ்சம் இருந்தா நல்லது. பறவை அதுக்காக விட்டு வைக்காது. தற்செயலா தப்பிச்சாத்தான் உண்டு. இங்க எங்க கூச்சம்தான் அந்தத் தற்செயல்.”

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். அத்தனை நேரமும் கையில் உருட்டிக்கொண்டிருந்த அழிப்பானை மேசையில் வைத்தாள்.

அதிகாரியின் முன் ஒரு படிவம். அதில் ஒரு கட்டம்: ‘எதிர்பார்த்த முடிவு வந்ததா? ஆம் / இல்லை.’ பேனா அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாளின் மூலைக்குப் போய் ஏதோ எழுதியது. மூலையைக் கிழித்து உறையில் போட்டுக்கொண்டார். கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அடுத்த மேசைக்கு நடந்தார்.

8

முடிவுகளும் மூன்று. எனக்கு எதுவும் மும்மூன்றாகத்தான் வருகிறது.

முடிவு ஒன்று. அவளுக்கு முழு மதிப்பெண். புதுச் சீருடையில் மாடிப்படி ஏறுகிறாள். வார்டில் அதே பெரியவர்—

[தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டச்சு செய்தான். நான்தான் அடித்தேன். துணியில் முதலில் கண்ணில் படுவது இதுதான். பறவை முதலில் கொத்துவதும் இதைத்தான்.]

முடிவு இரண்டு. விதி விதிதான். ‘இல்லை’ என்ற இடத்தில் வட்டம். வயது தாண்டிவிட்டது. நீராவியில் அவள் முகம் மெல்ல—

[இதை எழுதும்போது என் கை நடுங்கவில்லை. கை நடுங்காமல் எழுதிய சோகத்தை நான் நம்புவதில்லை. இதுவும் போகட்டும்.]

ஒன்று மிச்சம். அதன் முன்பாதியை மட்டும் சொல்கிறேன்.

பரிட்சை முடிந்து சார் பொத்தான்களை டப்பாவில் அள்ளும்போது அவள் கேட்கிறாள்: “சார், இதுல ஒண்ணு எடுத்துக்கட்டுமா?”

“யாரோடதோ பொத்தான்… சரி, எடுத்துக்கோங்க. இவ்வளவு இருக்கே. அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க.”

[கோபமில்லை. மஞ்சளில் இருபத்தைந்து கொடுத்தேன், டப்பாவில் இருபத்து நாலுதான் திரும்பி வந்தது. இது மட்டும் கற்பனை இல்லை. மூன்று முறை எண்ணிவிட்டேன்.]

மூன்று வாரம் கழித்து ஒரு காலை. நீராவி அக்கா வருகைப்பதிவு இயந்திரத்தோடு தன் சண்டையை முடித்துவிட்டு உள்ளே வருகிறாள். வெளுத்து வந்த நோயாளி அங்கிகளில் ஒன்றில் கழுத்துப் பொத்தான் இல்லை. இடுப்புப் பையிலிருந்து மஞ்சள் பொத்தானை எடுத்து, ஊசியில் நூல் கோத்து உட்காருகிறாள். நீல அங்கியில் மஞ்சள் பொத்தான். பொருத்தமே இல்லை. ஆனால் போட்டுக்கொள்பவருக்குக் குளிராது.

மேலே படியில் காலடிச் சத்தம். மேற்பார்வையாளரின் செருப்பு அது, அவளுக்குத் தெரியும். இறங்கி வருகிறவரின் கையில் காகிதம் சரசரக்கிறது. பரிட்சை முடிவு இன்று வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறாள். எழுந்து, ஈரக் கையை முன்றானையில் துடைத்துக்கொள்கிறாள். காலடி கடைசிப் படிக்கு வந்துவிட்டது—

இதற்குப் பிறகு என்ன என்று எனக்குத் தெரியும். எழுதி மடித்து அந்த டப்பாவில்தான் வைத்திருக்கிறேன். தம்பியிடம் தட்டச்சுக்குக் கொடுக்கக் கை நீட்டினேன். நீட்டிய கை நின்றுவிட்டது.

துணியில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, கண்ணுகளா.

நான் நிறைய எடுத்துவிட்டேன். நீங்க எடுங்க.